ஏழு நாள், ஒரு கேட்டமரன், ஒரு டீசல் நோட்டு

கிளம்புவதற்கு முந்தைய இரவு

நாளை மதியம் படகு எங்கள் கைக்கு வருகிறது. ஏழு பகல், ஆறு இரவு. நான், இவர், மகள், அண்ணன், அண்ணி, அவர்கள் பையன் என்று ஆறு பேர். அண்ணனிடம் படகு ஓட்டும் உரிமம் இருப்பதால் தனியாக ஸ்கிப்பர் வைக்கவில்லை. வாடகை, வைப்புத்தொகை, படகைச் சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்த தொகைகள். தெரியாமல் நிற்பது டீசல் ஒன்றுதான். ஒப்பந்தத்தில் "எரிபொருள் வாடகையில் சேராது" என்று ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு ஆகும் என்று கேட்டால் யாரிடமும் நேரான பதில் இல்லை. "அது நீங்க ஓட்டுறதைப் பொறுத்தது" என்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் அதை வைத்துப் பணம் ஒதுக்க முடியாதே. அதனால் டீசல் கணக்கை நான் ஏற்றுக்கொண்டேன். ஒரு நோட்டும் வாங்கியாயிற்று. இதே கேள்வியோடு தேடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று தினமும் இங்கே எழுதப்போகிறேன்.

எங்களுடையது 42 அடி பாய்ப்படகு. இரண்டு உடல், உடலுக்கு ஒன்றாக இரண்டு டீசல் இன்ஜின், ஒவ்வொன்றும் 45 குதிரைத்திறன். டாங்கும் இரண்டு, 300 லிட்டர் வீதம். கேட்டமரன் என்ற பெயரே நம் கட்டுமரத்தில் இருந்து போனது. ஆனால் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது, இது நடுவில் இடைவெளி விட்ட இரட்டை உடல். பெயர் மட்டும்தான் சொந்தம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பாய் இல்லாத, இன்ஜினில் மட்டும் ஓடும் கேட்டமரனும் வாடகைக்குக் கிடைக்கும். அதன் கணக்கே வேறு. வேகமாக ஓட்டினால் மணிக்கு 50 லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். நான் எழுதப்போவது பாய்ப்படகுக்கு.

இன்றைய மதிப்பீடு இது. மொத்தத் தூரம் ஏறக்குறைய 100 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்). மணிக்கு 6 கடல் மைல், அதாவது 6 நாட் வேகம் என்று வைத்தால் 17 மணி நேரப் பயணம். அதில் பாதி பாயில் போவோம் என்றேன். அண்ணன் மறுக்கவில்லை, ஆனால் ஒன்று சேர்க்கச் சொன்னார்.

"நங்கூரம் போட, எடுக்க, துறைக்குள்ள நுழைய, இடம் தேடிச் சுத்த. இதுக்கெல்லாம் ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரமாவது இன்ஜின் ஓடும்மா. அதை யாரும் எழுதுறதே இல்ல."

எழுதினேன். பாதிப் பயணத்துக்கு எட்டரை மணி நேரம், இந்தச் சில்லறை வேலைகளுக்கு ஐந்து மணி நேரம், ஆக பதின்மூன்றரை. நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஒரு இன்ஜின் மணிக்கு சுமார் 3 லிட்டர் குடிக்கும், இரண்டுக்கும் 6. ஆக 81 லிட்டர். ஜெனரேட்டருக்குத் தினம் இரண்டு மணி நேரம், மணிக்கு 2.7 லிட்டர் என்று 38. கூட்டினால் 119. அதன் மேல் மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு சேர்த்து 160 லிட்டருக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். விலை ஊருக்கு ஊர் மாறும், அதனால் லிட்டரிலேயே எழுதுகிறேன். நீங்கள் போகும் இடத்து விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு கவனம்: கேலனில் விலை போட்டிருந்தால் எந்தக் கேலன் என்று கேளுங்கள். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர்.

முதல் நாள்

படகைக் கைமாற்றித் தர ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். பாய், கழிப்பறைப் பம்பு, உயிர்காப்பு மிதவை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். டீசலுக்கு வந்தபோது மீட்டரைச் சுட்டி "ஃபுல்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். நான் விடவில்லை. எங்கள் ஒப்பந்தம் நிரப்பி வாங்கி நிரப்பித் தருவது. அப்படியென்றால் வாங்கும்போது உண்மையிலேயே நிறைந்திருக்கிறதா என்பதுதானே எல்லாம்? முள் கடைசிக் கோட்டில் நிற்பதால் டாங்க் வாய்வரை நிறைந்திருக்கிறது என்று ஆகாது. கடைசியாக நிரப்பிய ரசீதைக் கேட்டேன். அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள், கைக்கு வரவில்லை. நான்கு படம் எடுத்தேன்: இரண்டு டாங்க் முள், இரண்டு இன்ஜின்களின் மணி மீட்டர் (இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுவது). கிளம்பும் நேரத்தில் மகள் "ஜெனரேட்டருக்கும் தனியா மீட்டர் இருக்கும்மா" என்றாள். ஐந்தாவது படம் அது. அந்த எண்ணை நானாக இருந்தால் விட்டிருப்பேன்.

ஒப்பந்தம் மூன்று விதமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது போல நிரப்பித் தருவது ஒன்று. இன்ஜின் ஓடிய மணிக்கு இவ்வளவு என்று வசூலிப்பது இன்னொன்று. முன்பணமாக ஒரு தொகை கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டுவது மூன்றாவது. இரண்டாவது வகை என்றால் மெதுவாக ஓட்டுவதில் லாபம் இல்லை. சும்மா உறுமிக்கொண்டு நின்றாலும் அது ஒரு மணிதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் எது என்று கேட்டுவிடுங்கள். படகில் நாம் நடந்துகொள்ளும் விதமே அதைப் பொறுத்து மாறும்.

மாலையில் கிளம்பினோம். 8 மைல்தான், ஆனால் காற்று நேர் முகத்தில். பாய்ப்படகு காற்றுக்கு நேரே போகாது, கேட்டமரன் அந்த விஷயத்தில் இன்னும் கொஞ்சம் பிடிவாதம். பாயில் போவதானால் வளைந்து வளைந்து ஏற வேண்டும், இருட்டிவிடும். இன்ஜினிலேயே போனோம். நங்கூரம் போட்டது வரை ஒன்றரை மணி நேரம், 9 லிட்டர். நோட்டில் முதல் வரி.

இரவு காற்று அடங்கிவிட்டது, அறைக்குள் புழுக்கம். ஏசி போட்டுக்கொண்டு படுக்கப் போகிறோம்.

இரண்டாம் நாள்

காலையில் எழுந்ததும் ஜெனரேட்டர் மீட்டரைப் பார்த்தேன். ஒன்பது மணி நேரம் ஓடியிருக்கிறது. மணிக்கு 2.7 என்றால் கிட்டத்தட்ட 25 லிட்டர். நேற்று மாலை 8 மைல் வந்ததற்கு 9 லிட்டர், ஒரே இடத்தில் படுத்துத் தூங்கியதற்கு 25 லிட்டர்! இந்தப் படகு இரண்டு இன்ஜினிலும் நிதானமாகப் போனால் மைலுக்கு ஒரு லிட்டர் என்பது கணக்கு. அப்படியானால் நேற்று இரவு நாங்கள் தூங்கிய தூக்கத்தில் 25 மைல் போயிருக்கலாம்.

எல்லோரும் வரைபடத்தை விரித்து மைலைத்தான் எண்ணுகிறோம். நானும் முந்தாநாள் அதைத்தான் செய்தேன். ஆறு இரவும் இப்படியே போனால் 150 லிட்டர், படகை நகர்த்த ஒதுக்கியதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. படகில் டீசல் கணக்கு போடுகிறவர்கள் பகலை விட்டுவிட்டு முதலில் இரவை எண்ண வேண்டும் என்று எனக்கு இன்றுதான் உறைத்தது.

உட்கார்ந்து பேசினோம். அண்ணிக்குப் புழுக்கம் ஆகாது, இரவு முழுக்கத் தூக்கம் வராது. அவரை வருத்திவிட்டு டீசலை மிச்சம் பிடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். படுக்கும் முன் இரண்டு, மூன்று மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டி அறைகளைக் குளிர வைப்பது, அதே நேரத்தில் பேட்டரியை ஏற்றிக்கொள்வது, பிறகு நிறுத்திவிட்டு மேல்கதவுகளைத் திறந்து வைப்பது. நங்கூரம் போடும் இடத்தையும் கொஞ்சம் காற்றோட்டமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். நங்கூரத்தில் நிற்கும் படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பிக்கொள்ளும், முன்பக்க மேல்கதவு வழியாகக் காற்று நேராகப் படுக்கைக்கு வரும். மலையை ஒட்டிய அழகான மூலை எல்லாம் பெரும்பாலும் காற்றில்லாத மூலைதான்.

கிளம்பும் முன் பையன் கண்ணாடி மாட்டிக்கொண்டு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பாசி இல்லை, புரொப்பெல்லரில் சிப்பி ஒட்டவில்லை. அடிப்பகுதி அழுக்காக இருந்தால் அதே வேகத்துக்குக் கூடுதல் டீசல் போகும், அதற்கும் நாம்தான் பணம் தர வேண்டியிருக்கும். பாசி இருந்தால் முதல் நாளே படம் எடுத்துத் தெரிவித்துவிடுவது நல்லது.

இன்று 16 மைல். காற்று லேசாக இருந்ததால் பாதி வழி இன்ஜின். சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். படகில் உள்ள கோப்பில் இன்ஜின் கையேடு இருந்தது. எத்தனை சுற்றுக்கு எத்தனை லிட்டர் என்ற வளைகோடு அதில் இருக்கிறது. அண்ணன் சுற்றை மாற்ற மாற்ற, மகள் வேகத்தைச் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன்.

இரண்டு இன்ஜினும் 2000 சுற்று: 6 நாட், மணிக்கு 6 லிட்டர். மைலுக்கு 1 லிட்டர்.

இரண்டும் 2600 சுற்று: 7.3 நாட், மணிக்கு 12 லிட்டர். மைலுக்கு 1.6 லிட்டருக்கு மேல்.

ஒரே இன்ஜின், 2000 சுற்று: 4.7 நாட், மணிக்கு 3.3 லிட்டர். மைலுக்கு 0.7.

நடு வரியை மறுபடி பாருங்கள். டீசல் இரட்டிப்பாகிறது, வேகம் கூடுவதோ ஒன்றேகால் நாட். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற படகுக்கு வேகம் கூடக்கூடத் தேவைப்படும் சக்தி மும்மடிக் கணக்கில் ஏறும். வேகத்தைக் கால்பங்கு கூட்டினால் சக்தி ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். "என்ன மச்சான், கால் அழுத்தினா காரு மாதிரி பறக்கும்னு நினைச்சேன்" என்றார் இவர். அண்ணன் பின்பக்கம் எழும் அலையைக் காட்டினார். 2600 சுற்றில் அந்த அலை தனி மேடாக எழுந்து பின்னாலேயே வந்தது. 2000-க்கு இறக்கியதும் அது தணிந்து தட்டையானது. நாம் வாங்கிய டீசல் அந்த மேட்டைக் கட்டத்தான் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு யாரும் வேகமாகப் போகச் சொல்லவில்லை.

இன்று இன்ஜினுக்கு 14 லிட்டர். ஜெனரேட்டர் மூன்று மணி நேரம், 8 லிட்டர். அண்ணி நன்றாகத் தூங்க வேண்டும்.

மூன்றாம் நாள்

தூங்கினார்! காலையில் போர்வை கேட்டுக்கொண்டு எழுந்தார்.

இன்றைக்கு எழுத அதிகம் இல்லை, அதுவே மகிழ்ச்சி. பக்கவாட்டுக் காற்று, 15 நாட். நங்கூரத்தை எடுத்து, பாயை ஏற்றி, இரண்டு இன்ஜினையும் அண்ணன் அணைத்தபோது ஒரு கணம் யாரும் பேசவில்லை. உடல்களுக்கு நடுவில் தண்ணீர் ஓடும் ஓசை மட்டும். 22 மைல் அப்படியே வந்தோம், சராசரி 7 நாட்டுக்குச் சற்று மேல். அதாவது நேற்று மணிக்கு 12 லிட்டர் எரித்துக் கிடைத்த வேகம் இன்று சும்மா கிடைத்தது. பாயில் போகும்போது கியரை எந்த நிலையில் விட வேண்டும் என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். புரொப்பெல்லர் வீணாகச் சுற்றிக்கொண்டிருப்பது சில கியர்களுக்கு நல்லதில்லை.

இன்ஜின் நாற்பது நிமிடம், 4 லிட்டர். வெயில் நன்றாக அடித்ததால் சோலார் தகடே குளிர்பெட்டியைப் பார்த்துக்கொண்டது. ஜெனரேட்டர் ஒரு மணி நேரம், 3 லிட்டர்.

நான்காம் நாள்

இன்று ஒரு தவறு நடந்தது, என் கணக்கில்தான். இரண்டு தீவுகளுக்கு நடுவே குறுகலான வழி, 12 மைல். அதற்கு அப்பால் 2 மைல் தள்ளி நங்கூரம் போடும் இடம். தூரத்தை அளந்தேன், காற்றைப் பார்த்தேன். ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களை, பார்க்கவில்லை. பத்து மணிக்குக் கிளம்பி உள்ளே நுழைந்தால் நீரோட்டம் எதிரே வருகிறது. தண்ணீரில் எங்கள் வேகம் 6 நாட். கரையை வைத்துப் பார்த்தால் 4. காற்றும் முன்னாலிருந்து. திரும்பிப் போகவும் மனமில்லை.

12 மைலைக் கடக்க மூன்று மணி நேரம், 18 லிட்டர். நீரோட்டம் திரும்பும் வரை காத்திருந்து அதே 2 நாட் பின்னாலிருந்து தள்ளியிருந்தால் 8 நாட், ஒன்றரை மணி நேரம், 9 லிட்டர். சரி பாதி. 9 லிட்டர் பெரிய பணம் இல்லைதான். ஆனால் மூன்று மணி நேரம் இன்ஜின் சத்தத்தோடு, கரையில் அதே பாறை நகராமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பையனுக்குக் குமட்டல் வேறு. இனி தினமும் காலை நோட்டில் காற்றுக்குப் பக்கத்தில் ஓதத்துக்கும் ஒரு கட்டம்.

அண்ணன் ஒன்று சொன்னார், அது ஆறுதலுக்காக மட்டும் சொன்னது இல்லை. கையிருப்பு வைப்பதே இதற்காகத்தான். போகப் பாதி, வரப் பாதி என்று கணக்குப் போட்டால் இப்படி ஒரு நாள் வந்ததும் மாட்டிக்கொள்வோம். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எடுக்காமல் வைக்க ஒரு பங்கு. படகோட்டிகள் சொல்லும் பழைய கணக்கு இது. எங்கள் டாங்குக்கு இந்த வாரம் அந்த அபாயமே இல்லை, ஆனால் பணத்துக்கும் அதே யோசனை பொருந்துகிறது.

மாலையில் தண்ணீர் தீர்ந்துகொண்டு வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் படகில் இருக்கிறது, மணிக்குச் சுமார் 100 லிட்டர் தரும், ஜெனரேட்டரில்தான் ஓடும். இரண்டு மணி நேரம் ஓட்டினோம். 200 லிட்டர் தண்ணீருக்கு 5 லிட்டர் டீசல். ஜெனரேட்டரை எப்போது ஓட்டினாலும் தண்ணீர், பேட்டரி, வெந்நீர், அறைக் குளிர்ச்சி எல்லாவற்றையும் அதே நேரத்தில் முடித்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாக ஓட்டினால் அதே டீசலைத் திரும்பத் திரும்பச் செலவழிக்கிறோம். இன்று குளித்த பிறகு யாரும் சொல்லாமலே குழாயைச் சீக்கிரம் மூடினார்கள். தண்ணீரும் டீசல்தான் என்று தெரிந்துவிட்டது.

இன்ஜின் மொத்தம் 21, ஜெனரேட்டர் 5.

ஐந்தாம் நாள்

6 மைல், பாதி பாய், பாதி இன்ஜின், 6 லிட்டர். துறைமுகத்தில் கட்டியிருக்கிறோம், கரை மின்சாரம் உண்டு. இரவு முழுக்க ஏசி போட்டாலும் ஜெனரேட்டர் வேண்டாம். துறைக் கட்டணம் அதிகம் என்று முதலில் இந்த இரவைத் தவிர்க்க நினைத்தோம். ஆனால் கட்டணத்தில் இருந்து முதல் இரவின் 25 லிட்டரைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. பேட்டரியும் நூறு சதவீதம் ஏறிவிடும். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ இரவு இப்படிப் போடுவது கணக்குப்படி சரியே.

இன்று ஓய்வு என்பதால் விட்டுப்போன ஒன்றை எழுதுகிறேன்: டிங்கி. கரைக்குப் போய்வரும் சிறு ரப்பர் படகு, 15 குதிரைத்திறன் மோட்டார். இது பெட்ரோல், கணக்கே தனி. 12 லிட்டர் டாங்கை நிரப்பிக் கொடுத்தார்கள், அதையும் நிரப்பித் தர வேண்டும். என் மதிப்பீட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. ஐந்து நாளில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது.

ஏன் தீர்ந்தது என்று இன்று மாலை கரையில் நின்று பார்த்தபோது புரிந்தது. இவரும் பையனும் மட்டும் போனால் டிங்கி சட்டென்று தண்ணீரின் மேல் ஏறிச் சறுக்குகிறது, உடனே மோட்டாரைக் குறைத்துவிடலாம். ஆறு பேரும் ஏறினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் அமுங்கி, முழு விசையில் தண்ணீரை உழுதுகொண்டு போகிறது. சறுக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பெட்ரோல் வீணாவது அந்த நிலையில்தான். கனமாக இருந்தால் மெதுவாகப் போய்விட வேண்டும், அல்லது இரண்டு நடையாகப் போக வேண்டும். இன்னொன்று, மோட்டார் இரண்டு வீச்சு வகையா, நான்கு வீச்சு வகையா என்று கேட்டு வையுங்கள். இரண்டு வீச்சு என்றால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். எவ்வளவு என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

ஆறாம் நாள்

காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கிறது. 24 மைல் போயாக வேண்டும், நாளை படகைத் திருப்பித் தர வேண்டும்.

இரண்டாம் நாள் எழுதி வைத்த மூன்று வரிகள் இன்று கைகொடுத்தன. இரண்டு இன்ஜினில் போனால் 4 மணி நேரம், 24 லிட்டர். ஒன்றில் போனால் 5 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், 17 லிட்டர். 7 லிட்டர் மிச்சம், ஒரு மணி நேரம் கூடுதல். இவருக்கு இருட்டுவதற்குள் நங்கூரம் போட வேண்டும் என்ற கவலை. அது நியாயமான கவலை, 7 லிட்டருக்காக இருட்டில் தெரியாத இடத்தில் நுழைவது புத்தி இல்லை. அதனால் ஏழரை மணிக்கே கிளம்பிவிட்டோம்.

கேட்டமரனில் ஒரு இன்ஜின் ஓடினால் படகு மறுபக்கம் இழுக்கும், ஆனால் சுக்கானைச் சற்றே திருப்பி வைத்தால் நேராகப் போகிறது. மணிக்கு ஒருமுறை இடது, வலது என்று மாற்றிக்கொண்டோம், இரண்டு மீட்டரும் சமமாக ஏறட்டும் என்று. அந்த வேலையைப் பையன் எடுத்துக்கொண்டான். "அத்தை, இப்ப வலது" என்று மணிக்கு ஒரு குரல். நோட்டில் நேரம் எழுதுவதும் அவன்தான். இரைச்சல் பாதியாகிவிட்டதால் அண்ணி இரண்டு உடலுக்கும் நடுவே கட்டிய முன்பக்க வலையில் படுத்துத் தூங்கியே போனார். இந்த வாரத்திலேயே இன்ஜினில் போன நல்ல பயணம் இதுதான்.

நங்கூரம் போட்ட நேரத்தையும் சேர்த்து 20 லிட்டர். இரவு மறுபடி புழுக்கம், ஜெனரேட்டர் மூன்று மணி நேரம், 8 லிட்டர்.

நோட்டை இப்போது கூட்டிப் பார்த்தேன். ஆனால் வலது டாங்க் முள்ளைப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை. முதல் இரண்டு நாள் அது நகரவே இல்லை, இப்போது திடீரென்று முக்காலுக்குக் கீழே நிற்கிறது. உடலின் வளைவுக்கேற்ப டாங்க் கோணலாக இருக்கும், முள் அதற்கெல்லாம் ஈடுகொடுக்காது என்கிறார் அண்ணன். மணி மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

ஏழாம் நாள்

10 மைல். மெல்லிய காற்று இருந்தது, பாயை ஏற்றி ஒரு இன்ஜினைத் தாழ்ந்த சுற்றில் வைத்தே வந்தோம். இரண்டும் சேர்ந்து இழுத்ததில் ஐந்தரை நாட்.

துறைக்கு வெளியே வந்து பார்த்தால் டீசல் மேடைக்கு முன் ஒன்பது படகுகள். எல்லோருக்கும் இன்றுதான் திருப்பித் தரும் நாள், எல்லோரும் பதினொரு மணிக்கு வந்திருக்கிறோம். இரண்டு இன்ஜினையும் முன்னும் பின்னுமாகத் தட்டிக்கொண்டு, யார் மீதும் இடிக்காமல் நாற்பது நிமிடம் மிதந்தோம். முந்தைய நாள் மாலையே வந்து நிரப்பியிருக்கலாம். அங்கிருந்து ஒப்படைக்கும் இடம் வரை ஆகும் டீசல் ஒன்றும் பெரிதில்லை. நிரப்பாமல் அப்படியே தந்துவிட்டால் அவர்களே நிரப்பி, லிட்டர் விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் பிடிப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதனால் காத்திருந்தோம்.

எங்கள் முறை வந்தது. மேல்தளத்தில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மூடிகள், ஒன்றில் டீசல் என்றும் மற்றொன்றில் தண்ணீர் என்றும் பொறித்திருக்கிறது. எழுத்து தேய்ந்துபோயிருந்தது. குழாயை வாங்குவதற்கு முன் அண்ணன் மூடியை என்னிடம் காட்டி "படி" என்றார். படித்தேன். மகளையும் படிக்கச் சொன்னார். தண்ணீர் டாங்கில் டீசல் போய்விட்டால் வைப்புத்தொகையே போய்விடும் என்பதால் அந்த நிமிடத்தில் அவர் யாரையும் பேசவிடவில்லை.

மெதுவாகத்தான் விட வேண்டும். டீசல் நுரைக்கும், நுரை மேலே வந்ததும் நிறைந்துவிட்டது போலத் தோன்றும். மகள் வெளிப்பக்கம் காற்றுத் துளைக்கு அடியில் துணியோடு உட்கார்ந்திருந்தாள். குழாய்க்குள் இறங்கும் சத்தம் முதலில் கனமாக, கீழே எங்கோ கேட்கும். நிறைய நிறைய அது மெலிந்து மேலே ஏறி வரும், குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்குமே, அதே போல. சத்தம் உச்சிக்கு வந்ததும் அண்ணன் கையைத் தளர்த்தினார், நுரை அடங்கும்வரை பொறுத்து, இன்னும் ஒரு லிட்டர். ஒரு சொட்டும் கடலில் விழவில்லை.

இடது டாங்க் 43 லிட்டர். வலது 94. மொத்தம் 137.

ஜெனரேட்டர் வலது டாங்கில் இருந்து குடிக்கிறது. அதுதான் அந்த வித்தியாசம். நோட்டில் இன்ஜின்களுக்கு 82, ஜெனரேட்டருக்கு 49, ஆக 131 என்று இருக்கிறது. பம்புக்கும் நோட்டுக்கும் இடையே 6 லிட்டர். என் மதிப்பீட்டில் வந்த பிசகா, முதல் நாள் டாங்க் வாய்வரை நிறையவில்லையா, சொல்ல வழியில்லை. ரசீது இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இன்று எங்கள் ரசீதைப் படகின் கோப்பிலேயே ஒரு நகல் வைத்துவிட்டு வந்தேன், அடுத்து வருகிறவர்கள் கேட்காமலே பார்க்கட்டும்.

டிங்கிக்கு 9 லிட்டர் பெட்ரோல்.

இன்ஜினுக்கு 81 என்று போட்டது 82-இல் நின்றது. எதிர்நீரோட்டத்தில் போனதை மூன்றாம் நாள் காற்று ஈடுகட்டிவிட்டது. ஜெனரேட்டருக்குப் போட்ட 38 தான் 49 ஆனது, அதில் பாதி அந்த ஒரே இரவு. ஒதுக்கிய 160-இல் 23 லிட்டருக்கான பணம் மிச்சம், பெட்ரோலுக்குப் போக இன்னும் இருக்கிறது.

கரையில் பையை எல்லாம் இறக்கிய பிறகு அண்ணன் நோட்டைக் கேட்டார். அடுத்த ஆண்டு அவருடைய நண்பர்களோடு போகும் பயணத்துக்கு வேண்டுமாம். கொடுக்கும் முன் கடைசிப் பக்கத்தில் அவருக்காகப் புதிய மதிப்பீட்டுக் கட்டம் ஒன்று வரைந்தேன். முதல் வரியில் "எத்தனை இரவு, எத்தனை இரவில் ஏசி" என்று எழுதினேன். மைலுக்கான வரி அதற்குக் கீழே.